பிள்ளை பார்ப்பதும் வேலைதான்

நம் இயக்கக் கூட்டங்களில் பேசாத விசயம் இல்லை. பஞ்சமி நிலம் பேசுகிறோம். சுடுகாட்டுப் பாதை, ரெட்டைக் குவளை, தேர் வடம், பொதுக் குழாய் எல்லாம் பேசுகிறோம். விடிய விடியப் பேசித் தீர்மானம் போடுகிறோம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குப் பெண்கள் ஏன் வரவில்லை என்பதை மட்டும் உட்கார்ந்து பேசினதில்லை. கேட்டால் பதில் ஒன்றுதான்: "கைப்புள்ளய யார்கிட்ட உட்டுட்டு வர்றது?" தோழர்கள் இதைக் கேட்டு "அதுவும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விடுவார்கள்.

பால் குடிக்கிற பிள்ளை, தவழுகிற பிள்ளை, நடை பழகுகிற பிள்ளை. இவர்களைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது? இது வீட்டு விசயம், பொம்பள சமாச்சாரம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இது கூலிப் பிரச்சினை என்கிறேன் நான். சாதிப் பிரச்சினையும்கூட. நம் தெருக்களில் பிள்ளை பார்க்கும் வேலையைக் கூலி இல்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள் யார், அதனால் யாருக்கு லாபம் என்று கணக்குப் பார்க்காமல் விடுதலை பேசுவதில் அர்த்தம் இல்லை.

எங்கள் காலனி திண்டிவனத்துக்குப் பக்கம். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். நடவு நேரத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் கழனியில் இறங்கி நிற்க வேண்டும். அரை மணி தாமதமானால் "நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பெற்றவள் மூன்றாம் மாதம் வேலைக்குப் போகிறாள். அஞ்சாம் மாதம் வரை ஒருத்தி வீட்டில் இருந்தாள் என்றால் அவள் புருசன் ஏதோ கம்பெனியில் மாதச் சம்பளம் வாங்குகிறான் என்று தெரிந்துகொள்ளலாம். கழனி ஓரத்தில் புங்கமரமோ வேப்பமரமோ இருந்தால் பழம்புடவையில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு இறங்கலாம். மரம் இல்லாத கழனி என்றால் பிள்ளை வீட்டில்தான். மத்தியானத்துக்குள் மார் கட்டிக்கொண்டு ரவிக்கை நனையும். வரப்பு ஓரமாகப் போய்ப் பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுத் திரும்ப வந்து குனிவோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல வாசகம்தான். குனிந்து நாத்து நடுகிறவள் எப்படிக் கொடுப்பாள் என்று அந்தச் சுவரில் எழுதவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் அஞ்சு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றிப்போயிருந்தார்கள். நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இந்தப் பிள்ளைகள் எந்தத் தெருவில் அதிகம் இருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அம்மா விட்டுவிட்டுப் போகிற பிள்ளையைத் தெருதான் வளர்க்கிறது. இதில் பெருமைப்பட நிறைய உண்டு. ஒருத்தி கழனியில் இருக்கும்போது அவள் பிள்ளை கத்தினால், பால் இருக்கிற இன்னொருத்தி எடுத்து மாரில் போட்டுக்கொள்வாள். யார் பிள்ளை என்று பார்க்க மாட்டாள். பிரசவித்தவள் வீட்டுக்கு ஒரு நாள் ஒரு வீட்டிலிருந்து பூண்டுக் குழம்பு வரும், மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து பால் சுரக்கச் சுறாப் புட்டு வரும். தலை நிற்காத பிள்ளையைக் கால் மேல் போட்டுக் குளிப்பாட்டத் தெருவுக்கு ஒரு ஆயா இருப்பாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்கு ஜுரம் கண்டால் பக்கத்து வீட்டுப் பையன் சட்டைகூடப் போடாமல் வண்டியை எடுப்பான். ஒரு பிள்ளை போட்ட சட்டையை ஆறு பிள்ளை போடும். நடைவண்டி தெருவுக்கே ஒன்று. இந்த ஒத்தாசை இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் உயிரோடு வளர்ந்திருக்க மாட்டோம்.

ஆராய்ச்சி பண்ண வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு "உங்க ஜனங்ககிட்ட எவ்ளோ ஒத்துமை" என்று நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார்கள். நாமும் அதைக் கேட்டுப் பூரித்துப் போகிறோம். இந்த ஒத்தாசை இனாமாக வரவில்லை. அதற்கு விலை இருக்கிறது. கொடுக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஒன்பது வயது அக்கா. இன்னொருத்தி இடுப்பு விட்டுப்போன ஆயா.

அந்த அக்காவை உங்களுக்கும் தெரியும். இடது இடுப்பில் தம்பியைத் தூக்கிவைத்துத் தூக்கிவைத்து அவள் நடையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். நடவு பதினைந்து நாள், களை பதினைந்து நாள், மல்லாட்டை பிடுங்கப் பத்து நாள். வருசத்தில் நாற்பது நாள் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நாற்பது நாள் போகாதவளுக்கு வகுத்தல் கணக்கு வராது. உடனே வாத்தியார் சொல்வார், "காலனிப் புள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது". ஏறாமல் என்ன? அது ஏறி உட்கார வேண்டிய இடத்தில் ஒரு வயது தம்பி உட்கார்ந்திருக்கிறான். ஆயாவின் கதையோ சொல்லவே வேண்டாம். அறுபது வருசம் அடுத்தவன் கழனியில் குனிந்தவள், கடைசிக் காலத்திலும் திண்ணையில் கால் நீட்ட முடியாமல் தவழுகிற பிள்ளைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். தடுக்கி விழுந்தால் "புள்ளயப் பாக்கத் துப்பில்ல" என்று ஏச்சும் வாங்குகிறாள்.

அரசாங்கம் இருக்கிறதே, பால்வாடி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு வந்தது. அது நம் பிள்ளைகளின் வயிற்றை நனைத்தது, அதை மறுக்க முடியாது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் பிள்ளையை அங்கே உட்கார வைக்க வேண்டும் என்றால் இரண்டு வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குச் சத்துமாவு பாக்கெட் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாவு சரி, அதைக் கிண்டி ஊட்டும் கை எங்கே? அந்தக் கை ஏழு மணிக்கே கழனிக்குப் போய்விட்டது. எங்கள் பக்கத்துப் பால்வாடி திறக்கவே பத்து மணி ஆகிறது, மூன்றரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டு நேரம் அது. கூலிக்காரி நேரம் இல்லை.

மூன்றாம் மாதத்தில் தாய் வேலைக்குப் போகிறாள், இருபத்துநாலாம் மாதத்தில் அரசாங்கம் பிள்ளையை வாங்கிக்கொள்கிறது. நடுவில் இருக்கிற இருபத்தோரு மாதம் யார் பொறுப்பு? 2022இல் ஒன்றிய அரசு 'பால்னா' என்று ஒரு திட்டம் அறிவித்து, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக 17,000 அங்கன்வாடிகளைப் பகல் காப்பகமாகவும் ஆக்குவதாகச் சொன்னது. இந்தியா முழுமைக்கும் சேர்த்து 17,000. நம் ஒரு மாநிலத்து அங்கன்வாடிகளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மகப்பேறு உதவித்தொகையையும் கணக்குப் பார்ப்போம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதி 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம். 18,000 ரூபாயை ஒரு வருசத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 50 ரூபாய்கூட வரவில்லை. தமிழ்நாடு அரசு ஊழியராக இருக்கிற பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு. அது சரியானது, வேண்டியது. அந்தச் சகோதரிகள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவள் பிள்ளைக்குப் பன்னிரண்டு மாதம் தாய் வேண்டும் என்று தெரிந்த அரசாங்கத்துக்கு, கூலிக்காரி பிள்ளைக்கும் அதே வாய், அதே வயிறு என்று ஏன் தெரியவில்லை என்பதுதான் கேள்வி.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள், பால்வாடிக் கட்டடத்தை எங்கே கட்டுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். ஊர்த்தெருவில் கட்டினால் நம் பிள்ளை ரோட்டைத் தாண்டிப் போய் ஓரமாக உட்கார வேண்டும். காலனியில் கட்டினால் ஊர்ப் பிள்ளை வராது. 2018இல் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்க வந்ததற்கே பெற்றோர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த அம்மாவை இடமாற்றமும் செய்தார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அது ரத்தானது, வன்கொடுமை வழக்கும் பதிவானது. ஆக்கிப் போடுவதற்கே இந்தப் பாடு என்றால், பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்து வாயைத் துடைத்து ஊட்டிவிடுகிற வேலைக்கு நம் பெண்ணை விடுவார்களா? ஆனால் எங்கள் ஆயா காலத்தில் ஊர்த்தெருவில் நடுராத்திரி இடுப்புவலி கண்டால் சேரிக்குத்தான் ஆள் ஓடி வரும். தலை வெளியே வந்து, தொப்புள்கொடி அறுத்து, நஞ்சு விழுகிற வரைக்கும் தீட்டு இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டி ஏணையில் போட்ட மறுநிமிசம் தீட்டு வந்துவிடும். தோட்டத்து வழியாகவே ஆயா திரும்பி வருவாள், முந்தானையில் நாலு படி நெல்லோடு.

அண்ணல் அம்பேத்கர் இந்த விசயத்தைப் பொம்பள சமாச்சாரம் என்று தள்ளவில்லை. 1928 ஜூலையில் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நன்மை, அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்க வேண்டும், அவள் உழைப்பால் லாபம் அடைகிற முதலாளிக்கும் அதில் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம். 1929இல் அங்கே சட்டம் வந்தது. பிறகு 1948 தொழிற்சாலைச் சட்டமும் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமும் வேலையிடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றன. 2017 திருத்தம் சம்பளத்தோடு 26 வார விடுப்பு என்றது. இப்போது இதெல்லாம் புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் போயிருக்கிறது. எல்லாம் மஸ்டர் ரோலில் பெயர் இருக்கிறவளுக்கு. கழனிக்காரிக்கு ஏது மஸ்டர் ரோல்? செங்கல் சூளையில் அதுவும் இல்லை. புருசன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஒரு ஜோடியாகச் சேர்த்து முன்பணம் கொடுக்கிறார்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. அவள் அறுத்த கல்லுக்கு அவள் பெயரில் கூலிகூடக் கிடையாது. பிள்ளை மண் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கில் படுத்திருக்கும்.

ஒரே ஒரு சட்டம்தான் நம் பக்கம் திரும்பிப் பார்த்தது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் அட்டவணையில், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அஞ்சு பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியை அவர்களைப் பார்க்க விட வேண்டும், அவளுக்கும் மண் வெட்டுகிறவளுக்குரிய அதே கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பிள்ளை பார்ப்பது வேலை, அதற்குக் கூலி உண்டு என்று கிராமத்துப் பெண்ணைப் பார்த்துச் சொன்ன சட்டம் அது. எங்கள் ஏரி வேலையில் இதைக் கேட்டோம். கணக்கு எழுதுகிறவர் சொன்னார்: "மண்ணு வெட்டாம நெழல்ல ஒக்காந்திருக்கறவளுக்கு எதுக்குக் கூலி?" எட்டுப் பிள்ளைகளை ஒரு பகல் முழுக்க ஏரித்தண்ணி பக்கம் போகவிடாமல் அவர் பார்த்துக்கொள்ளட்டும், அப்புறம் நிழலைப் பற்றிப் பேசலாம் என்று எங்கள் அண்ணி திருப்பிக் கேட்டாள். பதில் இல்லை, கூலியும் இல்லை.

யாரும் தரவில்லை என்றதும் நாங்களே ஒரு ஏற்பாடு செய்தோம். எங்கள் தெருவில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வைத்திருந்தவர்கள் ஒன்பது பேர். பிள்ளைகள் பதினொன்று. தினம் இரண்டு பேர் முறை வைத்து நின்று எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பது, வேலைக்குப் போகிற ஏழு பேரும் ஆளுக்கு 40 ரூபாய் கொடுப்பது. நிற்கிறவளுக்கு 140 ரூபாய். இடத்துக்கு இளைஞர்கள் கேரம் ஆடுகிற மன்றத்துக் கொட்டகையைக் கேட்டோம். "மன்றத்துல மூத்திர நாத்தம் அடிக்கும்" என்றார்கள். அம்பேத்கர் படத்துக்குக் கீழே சேரிப் பிள்ளை மூத்திரம் போனால் அவருக்கு ஒன்றும் அவமானம் இல்லை என்று சொல்லித்தான் வாங்கினோம். அந்த வருச நடவில் இடுப்பில் பிள்ளை சுமந்துகொண்டிருந்த மூன்று பெண்பிள்ளைகள் ஒரு நாள்கூட விடாமல் பள்ளிக்கூடம் போனார்கள். அதற்காகவே இதைச் செய்தது தகும்.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்ல வேண்டும். தெருக்கோடியில் இருக்கிற அருந்ததியர் வீட்டு ஆயாவையும் பிள்ளை பார்க்கச் சேர்த்தபோது எங்கள் சனத்திலேயே முணுமுணுப்பு வந்தது. "அது கையால எப்டி ஊட்டறது" என்று ஒருத்தர் கேட்டே விட்டார். ஊர்க்காரன் நம்மைக் கேட்கிற அதே கேள்வி, எழுத்து மாறாமல். அந்த ஆயாதான் முடித்து வைத்தாள்: "எம் பேத்தியும் இந்த ஏணையிலதான் கெடக்கறா. பிரிச்சுக் கட்டணும்னா ஒங்க கையாலயே பிரிச்சுக் கட்டுங்க." யாரும் கட்டவில்லை. பத்து நாளில் எந்தப் பிள்ளை அழுதாலும் அவள் மடியைத்தான் தேடியது. சமபந்தி மேடை போட்டுப் பேசி வராத மாற்றம், ஒரு கிண்ணம் கூழில் வந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் ஏற்பாடு எட்டு மாதத்துக்கு மேல் முழுசாக நிற்கவில்லை. அறுப்பும் களையும் மும்முரமாக வந்தபோது வெளியே கூலி கூடியது. 140 ரூபாய்க்கு யார் நிற்பார்கள்? இப்போது அந்த ஆயாவும் இன்னொருத்தியும் முடிந்த நாளில் பார்க்கிறார்கள். இதில் குறை பெண்களுடையது இல்லை. கூலிக்காரி கூலிக்காரிக்குத் தன் கூலியிலிருந்து பிய்த்துக் கொடுக்கிற ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருப்பதால்தான் நிலத்துக்காரருக்கு நேரத்துக்கு நடவு முடிகிறது, சூளைக்காரருக்குக் கல் வெந்து லாரி ஏறுகிறது. அவர்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை. அரசாங்கமும் கொடுக்கவில்லை.

இனி நம் ஆண்களிடம் வருகிறேன். மேடையில் பெண் விடுதலை பேசுகிற தோழர், தன் பிள்ளைக்கு ஒரு நாள் கால் கழுவிவிட்டிருக்கிறாரா? எங்கள் தெருவில் ஒரு பையன் பெண்டாட்டியை வேலைக்கு அனுப்பிவிட்டு, தனக்கு வேலை இல்லாத நாளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூங்க வைத்தான். டீக்கடையில் அவனை "என்னா மாப்ள, பாலும் குடுப்பியா" என்று கேலி செய்தவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை, நம்மவர்கள்தான். அவன் சிரித்துக்கொண்டே, "பால்தான் வரல மாமா, மிச்சமெல்லாம் வருது" என்றான். அவனைப் போல நாலு பேர் இருந்திருந்தால் எங்கள் ஏற்பாடு நின்றிருக்கும். சாதி சொல்லி ஒருவன் நம் தலையில் கட்டுகிற இழிவான வேலையை எதிர்க்கிற நாம், பெண் என்று சொல்லி அவள் தலையில் எல்லா வேலையையும் கட்டுவது என்ன நியாயம்?

நான் கேட்பது இவ்வளவுதான். காலனி தோறும் ஆறு மாதப் பிள்ளையிலிருந்து வைத்துப் பார்க்கிற காப்பகம், கழனி நேரத்துக்கு, காலை ஆறரைக்கே திறக்க வேண்டும். சூளைகளிலும் வேண்டும், செலவு சூளைக்காரருடையது. அங்கே பிள்ளை பார்க்கிற பெண்ணுக்கு மதிப்பூதியம், தொகுப்பூதியம் என்று பெயர் மாற்றிக் குறைத்துக் கொடுக்கிற தொகை வேண்டாம், சட்டக் கூலி வேண்டும். அந்த வேலைக்கு நம் பெண்களும் வர வேண்டும், அவர்களிடம் எல்லாச் சாதிப் பிள்ளையும் வர வேண்டும். பிரசவித்த கூலிக்காரிக்கு 26 வாரக் கூலி வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். வாரம் ஆறு நாள் என்று வைத்தால் 156 நாளுக்கு 52,416 ரூபாய் ஆகிறது. அவர்கள் கொடுப்பது 18,000. மீதியைத் தாயின் உடம்பும் அக்காளின் படிப்பும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

இதெல்லாம் நடக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, தோழர்களே. அடுத்த மாநாட்டிலேயே ஒன்றைத் தொடங்கலாம். பந்தலுக்குப் பக்கத்தில் நிழலாக ஒரு இடம் ஒதுக்கி நாலு ஏணை கட்டுங்கள். ஒரு அண்டா வெந்நீரும் ஒரு பானைக் கஞ்சியும் வையுங்கள். நோட்டீசில் பேச்சாளர்கள் பெயருக்குக் கீழே 'பிள்ளை பார்ப்போர்' என்று போட்டு நாலு ஆண் தோழர்கள் பெயரை அச்சடியுங்கள். பொம்பளைங்க கடைசி வரைக்கும் ஒக்காந்து கேக்கறாங்களா, எழுந்து பேசறாங்களான்னு அப்புறம் பாருங்க.